உப்பு விளையாத மாதம்

மார்கழி விடியலில், கிழக்கே கடலுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மாத்திரம் தெரிகிற வேளையில், காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து உப்பளத்துக்குள் இறங்கினால், ஆண்டில் பெரும்பகுதி கண்ணைக் கூசவைக்கும் வெண்மையோடு கிடக்கிற இந்தப் பூமி, மழைநீர் வடிந்த கருஞ்சேற்றின் நிறத்தோடு, வரப்புகள் கரைந்து, வாய்க்கால்கள் தூர்ந்து, வேறொரு தேசம்போலத் தோன்றும். இன்று டிசம்பர் 23. வாடைக்காற்று காதோரம் ஊசியாய்க் குத்துகிறது. தென்மேற்கே கழுவேலிப் பக்கமிருந்து, எங்கிருந்தோ வந்திறங்கிய வாத்துக் கூட்டத்தின் இரைச்சல் காற்றோடு வந்து காற்றோடு போகிறது. மரக்காணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனிக்காலம் என்றால் இவ்வளவுதான். இதற்கு மேல் குளிரை நாங்கள் அறியோம், வேண்டியதும் இல்லை.

என் சித்தப்பா குத்தகைக்கு எடுத்து நடத்துகிற சிறிய அளத்தில் நான் கணக்கும் எழுதுகிறேன், உப்புநீரின் டிகிரியும் பார்க்கிறேன். டிகிரி என்றால் என்ன என்று வெளியூர் நண்பர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. அடியில் குண்டு வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை நீரில் மிதக்கவிட்டால், நீரில் எவ்வளவு உப்புச் செறிந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் குழாய் மேலே எழும்பும். அதன்மேல் வரைந்திருக்கும் கோட்டைப் படித்தால் போதும். இந்த அளவையை 1768ஆம் ஆண்டில் வகுத்தவர் போமே என்ற பிரெஞ்சுக்காரர். மருந்து செய்கிற தொழிலினர். கடல்நீர் ஏறக்குறைய மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலும் காற்றும் குடித்த மிச்சம் 25 டிகிரியைத் தொடும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போகவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கிக் கசப்பு ஏறிவிடும் என்பதால், அதற்கு முன்பே மிச்ச நீரைத் திறந்துவிடுவோம். உப்புப் படிகிறது, உறைகிறது என்றெல்லாம் புத்தகங்கள் சொல்லும். எங்கள் ஜனங்கள் 'பூத்திருக்கு' என்று மாத்திரமே சொல்வார்கள். அந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களையில் மறுபடியும் வரும்.

ஆனால் டிசம்பரில் உப்பு இல்லை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கிவிட்டால், தைமாதம் வரையில் அளம் மழைக்குச் சொந்தம். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தபோது, எது பாத்தி, எது வாய்க்கால், எது பக்கிங்காம் கால்வாய் என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாய்க் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன். இவ்வாண்டு மழை அவ்வளவு கொடுமை செய்யாமல் சற்று முன்னதாகவே ஓய்ந்ததனால், தையில் தொடங்க வேண்டிய வேலையை மார்கழியின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டோம். அந்த வேலைக்குப் பெயர் பாத்தி மிதித்தல்.

மிதித்தல் என்ற சொல் எளிமையானது, வேலை எளிமையானதன்று. தேங்கிய நீரை வடித்து, மேலே படிந்த வண்டலை வழித்தெடுத்த பின்பு, பாத்தியின் களிமண் தரையில் ஆறேழு பேர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாய் நின்று, இரு பாதங்களையும் ஒட்டவைத்து, ஒரு விரற்கடை இடமும் விடுபடாமல், அரையடி அரையடியாய் நகர்ந்து மிதித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனை, பிறகு குறுக்குவாட்டில் மறுபடியும். மண்ணின் ஈரம் சரியாக இருந்தால் பாதத்தின் சுவடு சிப்பியின் உட்புறம்போல் வழவழவென்று பதியும். ஈரம் அதிகமானால் கால் புதையும். குறைந்தால் தரை வெடிக்கும். இதை அளந்து சொல்லக் கண்ணாடிக் குழாய் எதுவும் இல்லை. உள்ளங்கால்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மறுபடியும் மிதிக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் பங்குனியில் வெயில் ஏறும்போது உப்புநீர் கீழே கசிந்துவிடும். வாரும் உப்பும் சேற்று நிறத்தில் வரும். வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பான். வெண்மையான உப்புக்கு மூலதனம் டிசம்பர் மாதத்துக் கருஞ்சேற்றில் வைக்கிற காலடிதான் என்பதை, சாலையோரம் காரை நிறுத்தி மாசியில் உப்புக் குவியலைப் புகைப்படம் எடுக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுகாலமாக ஆசை.

இன்று ஆறு பேர் மிதித்தோம். கணக்கு எழுதுகிறவனும் இந்த மாதத்தில் சேற்றில் இறங்கத்தான் வேண்டும். மற்ற ஐவரில் மூவர் பெண்கள். மூவரும் என்னைவிட மூத்தவர்கள். 'நீ நடுவுல நில்லு தம்பி, ஓரத்துல கால் வழுக்கும்' என்று அவர்களே என்னை இடம் மாற்றி நிறுத்தினார்கள். மழைக்காலத்து மூன்று மாதமும் அவர்களுக்கு ஒழுங்கான கூலி கிடையாது. கிடைக்கிற நாளில் உண்டு, இல்லாத நாளில் இல்லை. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக ஐயாயிரம் ரூபாய் கொடுப்பதென்று 2022ஆம் ஆண்டில் மாநில அரசு ஏற்பாடு செய்தது. அது வந்தவர்களுக்கு அரிசிக் கடனாவது அடைபட்டது. தூத்துக்குடி உப்பளத்தைக் களமாக வைத்து ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதி அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்த அம்மையார் நேரில் சென்று பழகிக் கண்டெழுதிய கண் எரிச்சலும் கால் வெடிப்பும் இன்னும் இந்தக் கரையில் இருக்கின்றன.

இந்த ஊரின் பழமையைப்பற்றி இங்கே ஒரு வார்த்தை. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனுடைய கடற்கரைப் பட்டினமாகிய எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அதைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இங்கிருந்து வடக்கே, சாலையோரத்திலேயே, அதே பெயரோடு இன்னும் இருக்கிறது. கழி என்றால் உப்பங்கழி. ஆந்திரக் கரையில் தொடங்கிச் சென்னை வழியாக வருகிற பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடமும் எங்கள் ஊர்தான். படகுகளில் உப்பும் விறகும் சென்னைக்குப் போன காலத்தை எங்கள் ஆயா பார்த்திருக்கிறாள்.

பதினொரு மணிக்கு வெயில் உறைக்கத் தொடங்கியதும் கரையேறினோம். வாய்க்கால் நீரில் கால் கழுவி, தூக்குவாளியில் வந்த கூழைக் குடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது, வாசற்படியிலேயே நெய்யில் ரவை வறுபடும் மணம் என்னை நிறுத்திற்று.

சித்தி புதுச்சேரிக் கிறித்தவக் குடும்பத்துப் பெண். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு சித்தப்பாவை மணந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவள் தன்னோடு கொண்டுவந்த இரண்டு விஷயங்களில் ஒன்று ஜபமாலை, மற்றொன்று விவிக்கம். வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாதாவின் படம் அன்றைக்கே ஏறிவிட்டது. அதுபற்றி யாரும் ஒரு சொல் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. விவிக்கம் என்பது புதுச்சேரிக் கிறித்தவர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற கேக். மைதாவுக்குப் பதிலாக ரவை; அதில் வெண்ணெயும் நெய்யும், முட்டையும் சர்க்கரையும், முந்திரியும் திராட்சையும், வாரக்கணக்கில் ரம்மில் ஊறிய பழத் துண்டுகளும் சேரும். இலங்கையில் பறங்கியர் வீடுகளில் 'லவ் கேக்' என்று ரவையும் முந்திரியும் சேர்த்துச் செய்கிற பலகாரம் ஒன்று உண்டு. இரண்டும் ஒரே கடலின் இரு கரைகளில் பிறந்த உறவுக்காரர்கள்போல எனக்குத் தோன்றும். மேற்குக் கரையில், தலச்சேரியில், மம்பள்ளி பாபு என்ற ரொட்டிக்கடைக்காரர் 1883ஆம் ஆண்டில், மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து காட்டிய கேக் ஒன்றைச் சுவைத்துப் பார்த்தே அதைப்போல் செய்துகொடுத்தார் என்பது பிரசித்தமான கதை. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று சொல்வார்கள். எங்கள் ஊருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே பிரெஞ்சுக்காரர்களின் அடுப்புகள் வேறொரு பாஷையில் எரிந்துகொண்டிருந்தன. அங்கே ரவை தன் வழியைத் தானே கண்டுகொண்டது.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. தொடக்கத்திலிருந்தே சித்தி கேக் சுடுவது பழைய பத்து லிட்டர் குக்கரில், உப்பின்மேல். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இவ்வாறு செய்கிறார்கள். சிலர் மணல் போடுவதும் உண்டு. எங்களுக்கு மணலைவிட உப்பு அருகில் இருக்கிறது. அவள் செய்வதை இன்று பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். குக்கரின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் எடுத்துவிட்டு, அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே பிரிமணைபோல ஒரு வளையத்தை வைத்து, மூடி, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டாள். ஓரிரு நிமிஷத்தில் உள்ளிருந்து சடசடவென்று வெடிக்கிற ஓசை கேட்டது. திருஷ்டி கழித்த உப்பை நெருப்பில் போட்டால் கேட்கிற ஓசையேதான். அது ஏன் வெடிக்கிறது என்பதை நான் சொல்ல முடியும்: உப்புப் பூக்கும்போது, மணியின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகளில் உப்புநீர் சிறைப்பட்டுவிடுகிறது, சூடேறும்போது அந்த நீர் ஆவியாகி மணியைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. சென்ற சித்திரையில் எங்கள் பாத்தியில் பூத்த உப்பு அது. சித்திரைமாதத்துக் கழிநீரின் கடைசித் துளி மார்கழியில், அடுக்களையில், ஓசையோடு வெளியே போயிற்று.

"வெடிக்கறது நின்னாத்தான் பாத்திரத்தை உள்ள வெக்கணும் தம்பி. வெடிக்கும்போது வெச்சா உப்புத் தூள் பறந்து மாவுல விழுந்துடும்" என்றாள் சித்தி. ஓசை அடங்கிற்று. நெய் தடவிய பாத்திரத்தை வளையத்தின்மேல் இறக்கி, மூடி, தீயைச் சிறுத்துவிட்டாள். உப்பு உருகுவதற்கு 801 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். குக்கருக்குள் ஏறுகிற சூடு அதை நெருங்காது. ஆதலால் அது உருகாமலும் கருகாமலும், வாங்கிய சூட்டை எல்லாப் பக்கமும் சமமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று. தென்னந்துடைப்பத்தின் புதிய ஈர்க்கு ஒன்றைக் கழுவி நடுவில் குத்தியெடுத்தபோது, அது ஒட்டாமல் வந்தது. சுட்ட உப்பு ஆறியபின் பழைய பால்மாவு டப்பாவுக்குள் திரும்பிப் போயிற்று. நாலைந்து கிறிஸ்துமஸ் கண்ட உப்பும் அதில் உண்டு, சாம்பல் நிறத்தில்.

கேக் வெந்துகொண்டிருக்கிற நேரத்தில் கல்கல் என்ற பலகாரத்தை உருட்டினோம். அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கும் அக்காவும், அவள் பெண்ணும், நானும் தரையில் உட்கார்ந்து, நெல்லிக்காய் அளவு மாவை எண்ணெய் தடவிய புதுச் சீப்பின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால், அது வரிவரியாகச் சுருண்டு சோழிபோல் விழும். பொரித்தெடுத்ததைச் சர்க்கரைப் பாகில் புரட்டுவது சித்தியின் பொறுப்பு. அதை வேறு யாரிடமும் அவள் விடுவதில்லை. பாகு கம்பிப் பதத்தைத் தாண்டி முற்றியதும் கல்கலைக் கொட்டிக் கரண்டியின் பின்புறத்தால் கிளறிக்கொண்டே இருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை; ஈரமாய், பளபளவென்று, கண்ணாடி பூசினாற்போல் இருந்தன. பிறகு ஒரு கணத்தில், எந்த இடத்தில் தொடங்கிற்று என்று சொல்ல முடியாதபடி, வாணலி முழுவதும் வெளுத்துவிட்டது. "பூத்துடுச்சு" என்றாள் சித்தி, அடுப்பை அணைத்துக்கொண்டே.

இருபது ஆண்டுகளாக 25 டிகிரிப் பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்து நான் காத்திருக்கிற கணமும் அதுதான். நீர் நீராகவே இருக்கிறது, நீராகவே இருக்கிறது, பிறகு மேற்பரப்பில் ஒரு வெண்திவலை மிதக்கிறது. புதுச்சேரிக்காரியான சித்தியும் மரக்காணத்து அளக்காரர்களும் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே அதற்கு ஒரே சொல்லை வைத்திருப்பது, தமிழ் பேசுகிறவனாய்ப் பிறந்ததில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் ஒன்று.

பொழுது சாய்ந்தபின், இந்த நாளின் மூன்றாவது விஷயம் தொடங்கிற்று: பழைய போட்டி நிகழ்ச்சிகள். எங்கள் வீட்டில் டிசம்பர் மாதத்து இரவுகளில் இது தொன்றுதொட்ட வழக்கம், தொடங்கிவைத்தவள் ஆயா. உப்பு இல்லாத மாதங்களில் இரவில் சீக்கிரம் படுக்க வேண்டிய அவசியம் இல்லை, காசும் இல்லை, வானொலிப் பெட்டி மாத்திரம் இருந்தது. கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் தேதி தொடங்கிய வானொலி, பிற்காலத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகி, அதன் தமிழ்ச் சேவை கடல் கடந்து எங்கள் கரையில் சென்னை நிலையத்துக்குச் சமமாய்க் கேட்டது. பி. எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' அங்கே பிறந்தது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டை, குறித்த நேரத்துக்குள் பாட வேண்டும், அவ்வளவுதான் விதி. கையெழுத்துப் போடத் தெரியாத ஆயா, எழுத்துப் போட்டியில், வானொலியில் பாட வந்தவர்களுக்கு முன்பே பாட்டை எடுத்துவிடுவாள். எழுத்து அவளுக்கு ஒரு வடிவமாகத் தெரியாது. ஓர் ஒலியாகத் தெரியும். 1990களில் அந்த நிகழ்ச்சி சன் தொலைக்காட்சிக்கு வந்து, அப்துல் ஹமீது அவர்களின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, 'இந்தக் குரலுக்கு இந்த முகந்தான் இருக்கணும்' என்று அவள் திருப்தியோடு சொன்னாள்.

இந்தப் போட்டியில் நம்முடைய மொழியின் இலக்கணமே ஒரு போட்டியாளராக உட்கார்ந்திருப்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியர் மொழிமரபில் இதற்கு வரம்பு கட்டியிருக்கிறார். சகரங்கூட அ, ஐ, ஔ என்ற உயிர்களோடு சேர்ந்து முதலாகாது என்பது அவர் காலத்து விதி. சந்தனமும் சங்கமும் பிறகு வந்து அந்தக் கதவைத் திறந்தன. ரகரமும் லகரமும் ராஜாவோடும் லட்சியத்தோடும் உள்ளே நுழைந்தன. ஒரு மொழியில் எந்தச் சொற்கள் எப்போது வந்து குடியேறின என்பதை, லகரத்தில் பாட்டுக் கிடைக்காமல் திண்டாடுகிறவரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

போட்டிகளில் இன்னொன்றான வினாடி வினாவின் இந்தியச் சரித்திரம் நம்முடைய கிறிஸ்துமஸ் மாதத்துக்குப் பொருத்தமாக ஒரு மாதா கோயில் மண்டபத்தில் தொடங்குகிறது. 1967ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கிறிஸ்து அரசர் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதே இந்நாட்டின் முதல் முறையான வினாடி வினா என்பார்கள். 1972ஆம் ஆண்டில் ஹமீத் சயானி வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போர்ன்விட்டா வினாடி வினாவைத் தொடங்கினார்; அவர் மறைவுக்குப் பின் தம்பி அமீன் சயானி அதைத் தொடர்ந்தார். 1985ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' நிகழ்ச்சியைப் பார்க்க, எங்கள் தெருவின் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் நான் நின்றிருக்கிறேன். ஆங்கிலம் பாதி புரியாது. ஆனால் கேள்விக்கும் விடைக்கும் நடுவிலுள்ள அந்த மௌனம் புரிந்தது. 2000 ஜூலை 3ஆம் தேதி அமிதாப் பச்சன் கோடி ரூபாய்க் கேள்வியோடு வந்தார். தமிழில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். அவற்றையும் விரும்பியே பார்த்தோம். இருந்தாலும், பணம் பெரிதாகப் பெரிதாகக் கேள்வி சிறிதாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பார்க்கிறவர் மனம் விடையை நாடுவதை விட்டுத் தொகையை எண்ணத் தொடங்கிவிடுகிறது.

அந்தக் காரணத்தாலோ என்னவோ, அக்காவின் பெண் தன் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் போட்டுக் காட்டிய ஓர் அமெரிக்க நிகழ்ச்சி என் மனத்தை முழுவதும் பற்றிக்கொண்டது. 'வாட்ஸ் மை லைன்?' — உன் தொழில் என்ன? என்று அர்த்தம். 1950 முதல் 1967 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தது, ஜான் டேலி என்ற செய்தியாளர் நடத்தினார். யாரோ ஒரு சாமானியர் உள்ளே வந்து, கரும்பலகையில் சாக்கட்டியால் தம் பெயரை எழுதிவிட்டு உட்காருவார். நால்வர் அடங்கிய குழு, 'ஆம்', 'இல்லை' என்ற விடை மாத்திரம் வரக்கூடிய கேள்விகளைக் கேட்டு அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் 'இல்லை'க்கும் ஐந்து டாலர். பத்து 'இல்லை' ஆனால் ஆட்டம் முடிந்தது, வந்தவருக்கு ஐம்பது டாலர். அவ்வளவுதான் மொத்தப் பரிசு. குழுவிலிருந்த ஸ்டீவ் ஆலன் 1953ஆம் ஆண்டில், வந்தவர் செய்கிற பொருளின் அளவை அறிவதற்காக 'அது ரொட்டிப் பெட்டியைவிடப் பெரிதா?' என்று கேட்டார். அந்தக் கேள்வி அந்நாட்டில் வழக்கச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் அசைகிற அந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது, உழைக்கிற ஒருவருடைய தொழிலை, அறிவாளிகள் நால்வர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு ரகசியமாக மதித்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்த அந்த மரியாதை. எங்கள் அளத்துப் பெண்களிடம் அவர்கள் தொழிலைப்பற்றி அவ்வளவு சிரத்தையோடு பத்துக் கேள்வி கேட்டவர் எவரும் உண்டா?

"மாமா, நாமளே ஆடலாம்" என்றாள் பெண். "ஆனா நீ உப்பளம்னு எல்லாருக்கும் தெரியும். அதனால, இன்னிக்கு நீ என்ன வேலை செஞ்சேன்னு நாங்க கண்டுபிடிக்கணும்."

அவளும், அக்காவும், சித்தியும், ஆயாவும் குழு. சித்தப்பாவுக்கு விடை தெரியுமாதலால் அவர் நடுவர். அட்டைக்கு எங்கே போவது? தினசரி நாட்காட்டியிலிருந்து அவ்வப்போது கிழித்து ஆணியில் செருகிவைத்திருந்த தாள்களில் பத்தை எண்ணி எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் 'இல்லை'க்கும் ஒரு தாளைத் தரையில் வைப்பார். பரிசு, கேக்கின் முதல் துண்டு.

"கையால செய்யற வேலையா?"

இல்லை. டிசம்பர் 8ஆம் தேதித் தாள் தரைக்கு வந்தது.

"மம்பட்டி, கூடை ஏதாவது பிடிச்சியா?" அக்கா. இல்லை.

"சாப்பிடற பொருளா?" இல்லை. "வெள்ளையா இருக்குமா?" இல்லை.

"குக்கரைவிடப் பெரிசா?" என்று கேட்டாள் சித்தி. ஆம் என்றேன், அவளுக்கு நம்பிக்கை வந்தது. "எடுத்துட்டுப் போக முடியுமா?" இல்லை. "விக்க முடியுமா?" இல்லை.

பெண் சற்றுநேரம் யோசித்தாள். "மாமா, அது உன் கணக்கு நோட்டுல ஏறுமா?"

இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. கூலிப் பக்கத்தில் ஏறும். உப்புக் கணக்கில் ஏறாது. அங்கே எடையும் விலையும் மாத்திரமே ஏறும். இன்று காலையில் அந்த மூன்று பெண்கள் வைத்த காலடிக்கு அந்த நோட்டில் ஒரு பத்தி கிடையாது. சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளைத் தரையில் வைத்தார்.

"தனியா செய்யற வேலையா?" இல்லை. எட்டுத் தாள்கள் ஆயின. இரண்டு பாக்கி.

இதுவரை வாய் திறக்காமல், மடியில் வைத்திருந்த கல்கலை ஒவ்வொன்றாய் வாயிலிட்டு ஊறவைத்துக்கொண்டிருந்த ஆயா, என்னை நோக்கிக் குனிந்து கேட்டாள்: "மொதல் மிதியா, ரெண்டாம் மிதியாடா?"

சித்தப்பா சிரித்துவிட்டார். பெண் மாத்திரம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியாக அது இல்லாததனால் செல்லாது என்று அவள் வாதாடினாள். அந்த அமெரிக்க விதிப்படி அவள் சொன்னதுதான் சரி. சித்தப்பா கையிலிருந்த அடுத்த தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் சித்தி கேக்கை வெட்டி, முதல் துண்டை ஆயாவின் கையில் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டாம் மிதி, ஆயா" என்றேன்.

அவள் துண்டை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, விரல் கணுக்களில் ஏதோ எண்ணினாள். "அப்பன்னா இன்னும் ஒரு மிதி. மழை வராம இருந்தா தை பத்துக்கெல்லாம் தண்ணி கட்டிடலாம்" என்றாள்.

சித்தப்பா எழுந்துபோய்ச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த அந்தத் தாளின் பின்புறத்தில், தை பத்து என்று எழுதி ஆணியில் செருகினார்.